என்ஜின் இல்லாத விமானமும் சித்தப்பாவின் பெட்டியும்

விமானத்துக்கு என்ஜின் தேவையில்லை என்று சித்தப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான், ஒட்டகம் ரோட்டைக் கடக்க வேண்டுமானால் அதற்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நம்பி, அதை வகுப்பில் எழுந்து நின்று பொது அறிவாகச் சொல்லி, மானம் போய் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இந்தத் தடவை உஷாராக அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், "ஒங்க சித்தப்பனுக்கு மூளை இல்லாமலே ஓடுது, பிளேனுக்கு என்ஜின் இல்லாம ஓடாதா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் அந்த ஒரு விஷயத்தில் சித்தப்பா சொன்னது உண்மைதான். அப்போது நாங்கள் அஜ்மானில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு தச்சுப் பட்டறையில் ஃபோர்மேன். சித்தப்பா அதே பட்டறையில் அப்பாவின் கீழ் வேலை. கண்காட்சிக்கு மேடை போடுவது, கடைகளுக்கு அலமாரி அடிப்பது, எப்போதாவது சினிமாக்காரர்களுக்குப் பொய் வீடு கட்டிக் கொடுப்பது, இதெல்லாம் பட்டறையின் பிழைப்பு. அந்த வருஷம் ஒரு வெளிநாட்டு சினிமா கம்பெனி வந்து, பழைய உலக யுத்தத்துக் கதை எடுக்கப்போகிறோம், எங்களுக்கு ஒரு கிளைடர் செய்து கொடுங்கள் என்றது.

கிளைடர் என்றால் மரச்சட்டம், அதன் மேல் துணி, துணியின் மேல் பெயிண்ட், அவ்வளவுதான். யுத்தத்தில் இன்னொரு விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், எதிரி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டு வந்துவிடுமாம். உள்ளே இருக்கிற பட்டாளத்துக்காரர்கள் சத்தமில்லாமல் போய் இறங்க வேண்டும். பட்டறையில் செய்தது பறக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு லாரி இழுக்க, ஓடுபாதையில் கொஞ்ச தூரம் உருண்டால் போதும். வானத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்கள்.

படத்தில் அந்தக் கிளைடரைப் புறப்படத் தயார் செய்கிற தரைப் பணியாளர்கள் வருகிற கட்டம்தான் முக்கியமானது. துப்பாக்கி ரவைப் பெட்டிகளை ஏற்றுவது, அவை ஆடாமல் கயிறு போட்டுக் கட்டுவது, எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, இழுவைக் கயிற்றைச் சிக்கு விழாமல் ஓடுபாதையில் மடித்துப் போடுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. "ஏத்தி விடுறது மட்டும்தான் அவனுவ வேலை. கூடப் போவ மாட்டானுவ" என்றார் சித்தப்பா.

"அப்போ பிளேன் போன பெறகு அவங்க என்ன செய்வாங்க?"

"என்ன செய்வான்? கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு டீ குடிக்கப் போவான்."

இந்தத் தரைப் பணியாளர்களாக நடிக்க துபாயிலிருந்து வெள்ளைக்காரர்களைப் பிடித்து வந்திருந்தார்கள். பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கிறவர்கள், லீவு நாளில் யுத்தம் செய்ய ஆசைப்பட்டு வந்தவர்கள். ஷூ லேஸைத் தவிர வேறு எதையும் கட்டிப் பழக்கமில்லாதவர்கள். அதனால் சித்தப்பா கட்டுவார். கட்டி முடித்து அவர் நகர்ந்ததும், இவர்கள் வந்து முடிச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பார்கள். கேமரா ஓடும்.

கட்டுவதற்கு ஏன் சித்தப்பா என்றால், அஜ்மானில் எங்கள் பில்டிங்கில் யார் ஊருக்கு லீவில் போனாலும் பெட்டி கட்டுவது அவர்தான். அட்டைப்பெட்டிக்குள் முப்பது கிலோவை ஒரு கிராம் கூடாமல் குறையாமல் அடைத்து, டேப் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கி, நான்கு பக்கமும் தடித்த மார்க்கரில் பெயர் எழுதி நிறுத்தினால், அதை ஏர்போர்ட்டில் எவ்வளவு உயரத்திலிருந்து எறிந்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடி டம்ளர் உடையாது. மாடிக்கு மாடி அவரைக் கூப்பிடுவார்கள். கூலியாகப் பிரியாணி கிடைக்கும்.

இப்படி ஊரே மெச்சின சித்தப்பாவை அப்பாவுக்கு மட்டும் கண்டால் ஆகாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த சங்கதி இது. சித்தப்பா குளித்தால் தண்ணீரைத் தீர்த்துவிட்டான் என்று திட்டு. குளிக்காவிட்டால் நாறுகிறான் என்று திட்டு. ஆணி வளைந்தால் திட்டு. நேராக இறங்கினால், ஒரு அடி கூடுதலாக அடித்துவிட்டான் என்று திட்டு. காலையில் பட்டறைக்குப் போகும் வண்டியில் ஆரம்பித்து, இரவு சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் அது ஒரு ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். தாத்தாவும் பாட்டியும் சித்தப்பா சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார்கள். வளர்த்தது, படிக்க வைத்தது, படிப்பு ஏறாமல் போனதும் விசா எடுத்து இங்கே வரவழைத்தது எல்லாம் அப்பாதான். ஏன்தான் வரவழைத்தோம் என்று இருக்கிறது அப்பாவுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதனால், சித்தப்பாவுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா செய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பெண் குளச்சல் பக்கம். பெண்ணின் அப்பா படகு என்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். மாப்பிள்ளை கல்ஃபை முடித்துக்கொண்டு வந்து, ஊரோடு இருந்து அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் போனிலேயே சரி என்றார். "விசாவ கேன்சல் பண்ணிட்டுப் போவட்டும். இங்கன கெடந்து எனக்கு பிரஷர் ஏத்துகதுக்கு, அங்கன போய் மாமனாருக்கு ஏத்தட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். டிக்கெட் எடுத்தது அப்பா. மாப்பிள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க டெய்லரிடம் இழுத்துக்கொண்டு போனதும், அங்கே நிமிர்ந்து நிற்கவில்லை என்று திட்டியதும் அப்பா.

சித்தப்பா பிறருக்குக் கட்டிய பெட்டிகளையெல்லாம் பயிற்சி என்று சொல்லலாம். தன் கல்யாணத்துக்குக் கட்டினாரே, அதுதான் பெட்டி. பெண்ணுக்குக் கோயிலில் உடுத்தப் பட்டுச் சேலை, இவருடைய கோட்டு சூட்டு, பால் பவுடர், தைலம், சோப்பு, டார்ச் லைட், மாமியாருக்குப் போர்வை, இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சுவர்க் கடிகாரம். அது சாதாரணக் கடிகாரம் இல்லை. மணிக்கொரு தரம் முதலில் குயில் கூவும், பிறகு கோயில் மணி அடிக்கும், பிறகு பாட்டு, கடைசியில்தான் மணி எத்தனையோ அத்தனை அடி. பாட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கச் சொன்னார் சித்தப்பா. புறப்படுகிற அன்று காலையில் பெட்டியை மூடும்போது, அவர் டேப்பைத் தேடத் திரும்பிய சமயத்தில் நான் அதைக் கடிகாரத்துக்குள்ளேயே மாட்டிவிட்டேன். பெட்டியைத் திறந்ததுமே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் புதுச் சித்திக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சித்தப்பா புறப்பட வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஷூட்டிங்கும். சித்தப்பா இல்லாமல் கயிறு கட்ட ஆள் இல்லை. ஆகவே வேலையை முடித்துவிட்டு சாயங்காலம் அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. அம்மாவுக்கு டியூட்டி. நேராக ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி என்னை அப்பாவோடு அனுப்பிவிட்டார். பெட்டியைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றி, நாங்கள் மூவரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். அஜ்மானைத் தாண்டி வடக்கே, சுற்றிலும் மணலைத் தவிர ஒன்றும் இல்லாத ஒரு பழைய ஓடுபாதை. வழியெல்லாம் அப்பா திட்டவே இல்லை. பல்வலியோ என்று நினைத்தேன்.

கிளைடர் ஓடுபாதையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்திருந்தது. காலியாக இருந்தால் அது அப்படித்தான் உட்காருமாம். முன்பக்கம் எடை ஏற ஏற மூக்கு இறங்கி, ஒழுங்காக நிற்கும். மூக்கே ஒரு பெரிய கதவு. அதை மேலே தூக்கி, அந்த வழியாகத்தான் சாமான் ஏற்றுவார்கள். ரவைப் பெட்டி என்று பச்சை பெயிண்ட் அடித்த பெரிய மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குள் எடைக்காகப் பட்டறையிலிருந்து பழைய இரும்பைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கிளைடரின் பக்கவாட்டில் நம்பர் எழுதியவர் பெஷாவரிலிருந்து வந்த பெயிண்டர் பாய். லாரிகளுக்குப் பூ வரைந்து பழகிய கை. நம்பருக்குக் கீழே யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு சின்னக் கிளியை வரைந்திருந்தார். டைரக்டர் அதைக் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னபோது, "யுத்தத்துக்குப் போகிறவன் அழகாகப் போகக்கூடாதா" என்று உருதுவில் கேட்டார்.

காலையில் சித்தப்பா பாங்க்காரர்களோடு போராடிக்கொண்டு ஓடுபாதையின் அந்தக் கோடியில் இழுவைக் கயிற்றை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அப்பா மரப்பெட்டிகளை மூடி ஆணி அடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பிக்கப்பின் முன் சீட்டில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். பிறகு சித்தப்பா வந்து எல்லாப் பெட்டிகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். மூக்கை மூடினார்கள். ஒரு பெண் வந்து நாலாபுறமும் போட்டோ எடுத்துக்கொண்டு, இனி சாயங்காலம் வரை ஒரு தும்பைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் காட்சிக்குக் காட்சி ஒட்டாது என்று எச்சரித்தாள். டைரக்டருக்குப் பொழுது சாய்கிற நேரத்து வெளிச்சம்தான் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு சட்டை மாற்றப் பிக்கப்புக்கு வந்த சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். தோள் பை இருந்தது. பெட்டி இல்லை.

வெளியூர் ஆட்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. கல்ஃபிலிருந்து போகிறவன் கைகால் உடைந்து போனால்கூட ஊரில் ஏற்றுக்கொள்வார்கள். பெட்டி இல்லாமல் போனால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதிலும் மாப்பிள்ளை. பெண்ணுக்கு உடுத்தச் சேலை இல்லாமல், தனக்குக் கோட்டு இல்லாமல், கையை வீசிக்கொண்டு போய் இறங்கினால் கல்யாணப் பேச்சே கடலில் போய்விடும். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, பெட்டியக் காணல" என்றார்.

அப்பா எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினார். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் பார்த்தார், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், சோறு கொண்டுவந்த டிரம்மின் மூடியைத் திறந்துகூடப் பார்த்தார். பெயிண்டர் பாயைக் குறுக்கு விசாரணை செய்தார். பாய் பாவம், "மாஃபி மாலும்", ஒன்றும் தெரியாது என்று அரபியையும் உருதுவையும் கலந்து, தன் தாய் மேல் சத்தியம் செய்தார். கடைசியில் அப்பா சித்தப்பாவின் தோளில் கையை வைத்தார். "போவட்டும்டே. டிக்கெட்ட அடுத்த வாரத்துக்கு மாத்திருவோம். ஒரு வாரம் பைய போனா என்ன, பொண்ணு எங்கன ஓடியா போவும்" என்றார்.

பெட்டி காணாமல் போனதைவிட இதுதான் சித்தப்பாவை அதிகமாகக் கலங்கடித்தது என்று நினைக்கிறேன். சட்டைப் பித்தான் அறுந்ததற்கே ஒரு வாரம் திட்டுகிற அண்ணன், கல்யாணப் பெட்டி தொலைந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பா தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புதுச் சித்தி கோயில் வாசலில் பழைய சேலையோடு நிற்பது கண் முன்னால் வந்தது.

வெயில் தணிந்தது. டைரக்டர் ஒலிபெருக்கியில் கத்தினார். எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். பாங்க்காரர் ஒருவர் பட்டாளத்துக்காரனாகப் பக்கத்து வாசல் வழியாகக் கிளைடருக்குள் ஏறிக்கொண்டார். இன்னொருவர் அந்த வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும். சாகப்போகிறவன் முகத்தை அவருக்கு இரண்டு நாளாகக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். நிசப்தம் என்றார்கள். காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த ஜெனரேட்டர்கூட நின்றது. அவர் நெற்றியில் கையை வைத்தார்.

கிளைடரின் வயிற்றுக்குள்ளிருந்து குயில் கூவியது.

அவர் கையை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அடுத்து கோயில் மணி அடித்தது. சத்தம் பிடிக்கிறவர் காதுக் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பாட்டு. அது முடிவதாக இல்லை. உலக யுத்தத்துக்குப் போகிற விமானம் ஆனந்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. தரைப் பணியாளர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அது எங்க கிளாக்கு, சித்தப்பா கல்யாண கிளாக்கு" என்று கத்திக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் மஞ்சள் கவுனோடு நான் ஓடியது அந்தப் படச்சுருளில் எங்கேயாவது இருக்கும். கடிகாரம் நிதானமாக ஐந்து அடித்து ஓய்ந்தது.

மூக்கைத் திறக்காமல் வேறு வழியில்லை. சித்தப்பா தான் போட்ட கட்டைத் தானே அவிழ்த்தார். முன்வரிசை மரப்பெட்டியின் மூடியை நெம்பினால், உள்ளே அவருடைய அட்டைப்பெட்டி, பெயரெல்லாம் மேலே தெரிய, பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பெயிண்டர் பாயைப் பார்த்தார்கள். பாய் மறுபடி சத்தியம் செய்ய வாயைத் திறந்தார்.

"அவன் இல்ல. நாந்தான்" என்றார் அப்பா. "இரும்பு தீந்து போச்சு, எடை பத்தல. கையில கெடச்சது அதுதான். பெறவு எடுத்துரலாம்னு வெச்சேன். மறந்துட்டேன்."

பட்டறையில் எந்த ஆணி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தூக்கத்தில் சொல்லக்கூடியவர் அப்பா. வயசாகிறது, வேலைப் பளு என்று ஆளாளுக்கு சமாதானம் சொன்னார்கள். சித்தப்பா மட்டும் அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் இறங்கியதும் கிளைடர் மெதுவாக மூக்கைத் தூக்கியது. உள்ளே இருந்த பாங்க்காரர் கையில் துப்பாக்கியோடு வால் பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போனார். டைரக்டர் சூரியனைப் பார்த்தார், கிளைடரைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். பெயிண்டர் பாய்தான் சட்டென்று ஒரு மண்வெட்டியை எடுத்துக் காலடியில் கிடந்த மணலை வாரி அந்தக் காலி மரப்பெட்டியில் கொட்ட ஆரம்பித்தார். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பெட்டி நிறைந்தது, மூக்கு இறங்கியது, வெளிச்சம் போவதற்குள் படமும் எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் அதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. சித்தப்பாவும் சீக்கிரம் போ என்று சொல்லவில்லை.

ஷார்ஜா ஏர்போர்ட் வாசலில் அம்மா யூனிஃபார்மோடு காத்திருந்தார். அப்பாவே பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். வைத்துவிட்டு, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா" என்றார். "எடை பத்தலன்னு சொன்னியளே. இந்தத் தேசத்துல மண்ணுக்கா பஞ்சம்?"

அப்பா நிமிரவில்லை. முடிச்சிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. பதில் தெரியாமல் திணறுகிறார், திட்டத் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "மண்ணு நெறைய இருந்துச்சே சித்தப்பா. அதான் பெயிண்டர் அங்கிள் அள்ளிப் போட்டாரே" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

சித்தப்பா சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்தார், பிடித்தவர் விடவில்லை. "சரி சரி, நேரமாச்சு, போ. போய்ச் சேந்ததும் போன் பண்ணு. சவம், அதையும் மறந்துராத" என்று அப்பா வழக்கமான குரலில் திட்டினார். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. கண்ணாடிக் கதவு திறந்து, சித்தப்பாவை உள்ளே விட்டு மூடிக்கொண்டது. கதவு மூடிய பிறகும் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் அம்மாதான் எங்கள் இருவரையும் வண்டிக்கு அழைத்து வந்தார்.

பிக்கப்பில் மூன்று பேருக்கு அன்று தாராளமாக இடம் இருந்தது. அப்பா ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தார். காலையிலிருந்து அலைந்த களைப்பு என்று நினைத்தேன். இத்தனை வருஷம் சித்தப்பாவோடு மல்லுக்கட்டிய அப்பாவுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இனிமே ஒங்களுக்கு டென்ஷனே இல்லப்பா" என்றேன். "திட்டுறதுக்கு ஆளே இல்ல."

"ஆமா மக்களே" என்றார் அப்பா. "ஆளே இல்ல."

அப்பாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்ட பெருமையோடு நான் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சாவியைப் போட்ட பிறகும் வண்டி ஏன் கிளம்பவில்லை என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.